பதினோரு வீட்டுச் சாவி

பள்ளி ஆண்டு மலருக்கு, வீட்டில் புழங்கும் ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருளையும் பிறப்பையும் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். தமிழ் டீச்சர் என்றால் சொல்லை உரித்துப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு என்று அவருக்கு நினைப்பு. நான் ‘சாவி’யை எடுத்தேன். முதல் பக்கம் மடமடவென்று வந்தது. இரண்டாம் பக்கத்தில் தங்கம்மாக்கா வந்து நின்றுகொண்டார். அவரை ஒதுக்கிவிட்டு எழுத முடியவில்லை. வைத்துக்கொண்டு எழுதினால் பள்ளி மலரில் போட முடியாது. தலைமையாசிரியருக்கு ‘அலமாரி’யைப் பற்றி எழுதிக் கொடுத்து அவர் வாயை அடைத்தேன். இது அங்கே போடாமல் வைத்துக்கொண்டது.

முதல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவி தமிழ்ச் சொல் இல்லை. போர்ச்சுகீசியர்கள் கப்பலில் வந்து இறங்கியபோது கூடவே இறங்கிய சொல். ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அதே வழியாக வந்தவைதான். அதற்கு முன் நம்மிடம் தாழக்கோல் இருந்தது, திறவுகோல் இருந்தது. அவற்றைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, வந்த சொல்லை இடுப்பில் செருகிக்கொண்டோம். இந்திக்காரர்களும் வங்காளிகளும் ‘சாபி’ என்பது அதே போர்ச்சுகீசியச் சொல்தான். எங்கள் மாடிப்படியில் நான்கு மொழிக் குடும்பங்கள் ஏறி இறங்குகின்றன. தண்ணீருக்கு நான்கு பெயர் சொல்வோம், சாவிக்கு மட்டும் ஏறக்குறைய ஒரே பெயர்.

கடிகாரத்தை முடுக்குவதும் சாவி கொடுப்பதுதான். ஒருத்தனைத் தூண்டிவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பதும் சாவி கொடுப்பதுதான். கதிரில் மணி பிடிக்காமல் போனால் பயிர் சாவியாகிவிட்டது என்பார்கள். அது சாவோடு சம்பந்தப்பட்ட வேறு சொல், பழைய தமிழ். இரும்புச் சாவிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இவ்வளவையும் தங்கம்மாக்காவிடம் ஒரு நாள் ஒப்பித்தேன். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே கேட்டார்.

“எங்க வீட்ல சாவின்னு சொல்ல மாட்டோம் டீச்சர். திறப்புன்னுதான் சொல்லுவோம். இங்க வந்து அப்படிச் சொன்னா சிரிச்சாங்க. அதோட விட்டுட்டேன்.”

அன்று இரவு அகராதியைப் புரட்டினேன். இலங்கைத் தமிழர் சொல்லும் ‘திறப்பு’ திறப்பதிலிருந்து வந்தது, அதற்கு அகராதியே வேண்டாம். போர்ச்சுகீசியச் சொல்லின் பாட்டன் லத்தீனில் இருக்கிறது. அடைப்பது, மூடுவது என்ற சொற்களும் அதே வேரில்தான் முளைத்திருக்கின்றன. ஒரே சாமான்தான். ஓர் ஊரார் அதைத் திறக்கிற கையாகப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், இன்னோர் ஊரார் அடைக்கிற கையாக. ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தம்மாவை நாங்கள் எதற்குள் அடைத்து வைத்திருக்கிறோம் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தங்கம்மாக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்தவர். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. மண்டபம் முகாமில் வைத்து யார் யாரை எங்கே அனுப்புவது என்று எழுதினார்கள். கல்யாணமாகியிருந்த அக்கா சொர்ணம்மாவும் அவர் புருஷனும் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்கு. அப்பா, அம்மா, ஐந்து வயதுத் தங்கம்மா மூன்று பேரும் கப்பலேறி, போர்ட் பிளேருக்கும் தெற்கே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு. அன்றைக்குப் பிரிந்த அக்காளும் தங்கையும் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் சந்தித்தார்கள். சொர்ணம்மாவின் மகள் கல்யாணத்துக்கு இவர் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார். அதற்கும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மற்றபடி முதலில் கடிதம், பிறகு போன்.

அவருடைய கணவர் நாகலிங்கம் இன்னொரு தீவில் ஹட் பே ஊர்க்காரர். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்திலிருந்து போகும் படகுகளில் வேலை பார்த்தார். சுனாமிக்குப் பிறகு இரண்டு பேரும் போர்ட் பிளேரில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குக் குடி வந்தார்கள். (ஊருக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், தெரியும். பஸ்ஸில் கண்டக்டர் எப்படிக் கூவுகிறாரோ அப்படித்தான் நானும் எழுதுவேன்.) பிள்ளைகள் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் நாகலிங்கம் இறந்துபோனார். அக்கா ஒற்றைக் கட்டையாகத் தையல் மெஷினோடு இருக்கிறார். அபர்டீன் பஜாரில் என் கணவர் அய்யூப் வைத்திருக்கும் துணிக்கடைப் புடவைகளுக்கெல்லாம் ஃபால்ஸ் அடிப்பது அவர்தான்.

நாங்கள் இந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் வருஷம், ஊருக்குக் கிளம்பும்போது வீட்டை என்ன செய்வது என்று கேட்டேன். அய்யூப் யோசிக்கவே இல்லை.

“கீழ தங்கம்மாக்காகிட்ட சாவியக் குடுத்துருவோம். எல்லாரும் அங்கதான் குடுக்குறாங்க. அவங்களுக்கு மெயின்லேண்ட்ல யாரும் கிடையாது. எப்பவும் இங்கதான் இருப்பாங்க.”

இந்த ஊரில் எல்லோருக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் உண்டு. எனக்கு ராமநாதபுரம், மேல்வீட்டு மண்டல் பாபுவுக்கு வங்காளத்தில் ஒன்று, அப்பாராவுக்கு ஸ்ரீகாகுளம் பக்கம். பள்ளி விடுமுறை விட்டால் கட்டடமே காலியாகும். அக்காவுக்குப் போக ஊர் இல்லை என்று யாரோ ஒருவர் முடிவு கட்டினார். மற்ற எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கோத்தகிரி அக்காவைப் பற்றி எனக்குத் தெரியவே மூன்று வருஷம் ஆனது.

சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டால் முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே அப்படி இல்லை. வருஷத்தில் எட்டு மாதம் மழை. ஒரு வீட்டைப் பத்து நாள் பூட்டி வைத்தால் தலையணையில் பூசணம் பூக்கும். இருபது நாளில் செருப்பு, பெல்ட், புத்தகம், கல்யாணப் பட்டு எல்லாம் வெள்ளைபிடித்துப் போகும். ஒரு மாதத்தில் பூட்டே துருவேறி இறுகிவிடும். ஆகவே சாவி வாங்கியவர் வாரம் இரண்டு தடவை வீட்டைத் திறந்து ஜன்னலை விரியவைத்து, வெயில் எட்டிப் பார்த்தால் மெத்தையை இழுத்துப் போட்டு, மழை தூறினால் ஓடிவந்து எடுத்து உள்ளே போட வேண்டும். குழாயில் தண்ணீர் விடும் நாளில் தொட்டி நிரப்ப வேண்டும். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். சாவி வாங்குவது என்றால் இங்கே இவ்வளவும் அடக்கம். இது எந்த அகராதியிலும் இல்லை.

தங்கம்மாக்கா அடுப்படிச் சுவரில் ஒரு பலகை அடித்து வரிசையாகச் சாவிகளைத் தொங்கவிட்டிருப்பார். தைத்து மிஞ்சிய ஃபால்ஸ் துணியைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் கட்டியிருப்பார். எங்களுடையது பச்சை. வங்காளிக் குழந்தைகள் அவரை ‘சாபி மாஷி’ என்று கூப்பிடுவார்கள், சாவிச் சித்தி என்று அர்த்தம். அவரும் சிரித்துக்கொண்டுதான் திரும்பிப் பார்ப்பார்.

இரண்டு தடவை அவர் கோத்தகிரிக்குக் கிளம்பப் பார்த்தார். ஒரு தடவை டிக்கெட் எடுத்த பிறகு பின்கட்டடத்துக் குடும்பம் ஒரு சாவுக்காக அவசரமாக ஊருக்குப் போனது, சாவியைக் கையில் திணித்துவிட்டு. இன்னொரு தடவை அப்பாராவ் வீட்டில் திரும்பி வருகிற கப்பலின் தேதி தள்ளிப்போனது. இரண்டு தடவையும் ஃபீனிக்ஸ் பே கவுண்டருக்குப் போய் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, வந்து தையலில் உட்கார்ந்துகொண்டார். எங்களில் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

போன வருஷம் பொங்கல் கழிந்ததும் என் வீட்டுக்கு வந்தார். வந்தால் உட்கார மாட்டார், அன்று உட்கார்ந்தார்.

“அக்காவுக்கு மூச்சு வாங்குதாம் டீச்சர். நாலு எட்டு நடக்க முடியலையாம். ‘இந்த வருஷம் வந்துரு தங்கம், அடுத்த வருஷம்னு சொல்லாத’ன்னு போன்ல சொல்லுது. மே மாசம் இருபதாம் தாரீக் ஜஹாஜ்ல போகலாம்னு இருக்கேன். இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டா அவங்களுக்கும் சௌகரியம்.”

ஜஹாஜ் என்று இங்கே எல்லோரும் சொல்வது கப்பலை. நான்கு மாதம் முன்னாலேயே சொன்னார். இதைவிட முறையாக ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? அந்த விடுமுறைக்குப் பதினோரு குடும்பங்கள் ஊருக்குப் போவதாக இருந்தன. நான்கு குடும்பங்கள் போகவில்லை. நான்கில் யாரிடமாவது சாவிகளை ஒப்படைத்துவிட்டுப் போகலாமா என்று அக்கா ஊருக்குப் போகிறவர்களிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டார். மண்டல் பாபுவிடம் வேண்டாம், சாயங்காலமானால் அவர் நிதானத்தில் இருப்பதில்லை என்றார்கள். நர்ஸம்மாவிடம் வேண்டாம், டியூட்டி மாறி மாறி வரும் என்றார்கள். அப்பாராவ் வீட்டம்மா உள்ளே பார்த்ததை வெளியே பேசுவார், வேண்டாம். டிரைவர் முத்துராஜ் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அவரும் வேண்டாம். மறுத்தவர்கள் எல்லோரும் அதே வாயால் அக்காவைப் புகழ்ந்தார்கள். உங்களிடம் என்றால் கவலையே இல்லை, உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியாது என்றார்கள். புகழ்ந்து புகழ்ந்தே கட்டிப்போட்டார்கள்.

என் வீட்டில் அய்யூப் சொன்னதையும் எழுதத்தான் வேண்டும்.

“அக்கா, சாவி குடுக்குறது உங்கள நம்பித்தான். வேற யார் கைக்கும் போக வேணாம்க்கா.”

“சரி தம்பி” என்று எழுந்து போய்விட்டார். நான் பின்னாலேயே படியிறங்கிப் போய், அவரவர் சாவியை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

“குடுத்த சாவியத் திருப்பிக் குடுத்தா, அவங்க மேல எனக்கு ஏதோ கோவம்னு ஆயிரும் டீச்சர். தனியா இருக்குற பொம்பள நான். நாளைக்கு ஒரு காய்ச்சல்னா இவங்கதானே கதவத் தட்டணும்.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பூட்டின வீட்டுக்குள் இருப்பவர்கூடக் கத்தினால் யாராவது வருவார்கள். இவர் எல்லா வீட்டுச் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு வெளியே போக வழியில்லாமல் இருந்தார். எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் வாக்குக் கொடுத்தேன்.

“நான் ஏப்ரல் கடைசியில போறேன். மே பதினேழு ஃப்ளைட்ல திரும்பிருவேன். வந்து எல்லாச் சாவியையும் நான் வாங்கிக்கிறேன். நீங்க இருபதாம் தேதி நிம்மதியா கிளம்புங்க. இத என் பொறுப்புல விடுங்க.”

ஸ்கூல் டீச்சர் என்பதால் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அக்கா டிக்கெட் எடுத்தார். அக்காளுக்கென்று ஒரு கம்பளிச் சால்வை வாங்கினார். இந்த ஊரில் கம்பளி தேடி நான்கு கடை ஏறி இறங்கினார். சொர்ணம்மாவுக்குப் போன் போட்டுத் தேதி சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் இருமலும் சிரிப்புமாகக் கேட்டது. எத்தனை மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்குவாய் என்று அந்த அம்மாள் கேட்டார், நான்கு மாதத்துக்கு முன்னாலேயே.

நானும் அய்யூபும் ஊருக்குப் போனோம். என் அக்கா மகள் ஜஸ்னாவுக்கு மே பதினைந்தாம் தேதி நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் துபாயிலிருந்து வருவது தாமதமாகி, நிச்சயம் இருபத்தைந்துக்கு மாறியது. சின்னம்மா இல்லாமல் நிச்சயமா என்றாள் ஜஸ்னா. உம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கப்பல் என்ன இந்த ஒன்றோடு நின்றா போகிறது என்று என் அக்கா கேட்டாள். யாரும் என் கையைக் கட்டவில்லை. பிரியாணி, சொந்தபந்தம், பிள்ளைகளின் கும்மாளம், எனக்கே இருக்க ஆசையாக இருந்தது. இதுதான் நிஜம். சொர்ணம்மாவின் உடம்பைப் பற்றி எனக்குச் சரியாகத் தெரியாது என்று இன்றைக்கு எழுதினால் அது பச்சைப் பொய்.

மே பதினாறாம் தேதி போன் செய்தேன். கூச்சத்தை மறைக்கக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துப் பேசினேன்.

“பத்துப் பன்னெண்டு நாள்தான் அக்கா. ஜூன் மூணாம் தேதி அடுத்த கப்பல் இருக்கு. நான் இருபத்தெட்டாம் தேதி கண்டிப்பா வந்துருவேன்.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

“நல்ல காரியம் டீச்சர். இருந்து முடிச்சிட்டு வாங்க. நான் ஜூன் மூணுக்கு மாத்திக்கிறேன்.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஜஸ்னாவின் நிச்சயத்தில் பச்சைப் பட்டு உடுத்தி, எல்லாப் போட்டோவிலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி புதன்கிழமை மதியம் வந்து இறங்கினோம். நல்ல மழை. பதினெட்டாம் தேதியே பருவமழை பிடித்துவிட்டது என்று ஆட்டோக்காரர் சொன்னார். பூசண நாற்றத்துக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன். வீடு காய்ந்து கிடந்தது. தலையணைகளில் வெயில் வாசம் இருந்தது. புத்தக அலமாரியின் கதவு லேசாகத் திறந்திருந்தது, புத்தகங்களுக்குக் காற்றுப்பட. அய்யூப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் புடவைகூட மாற்றாமல் கீழே போனேன். என் வாக்கை நிறைவேற்றும் உற்சாகம் எனக்கு.

“அக்கா, வந்துட்டேன். சாவியெல்லாம் எடுங்க. இனி நீங்க பெட்டி கட்டுற வேலைய மட்டும் பாருங்க.”

தையல் மெஷினிலிருந்து எழுந்தார். எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“வேணாம் டீச்சர். ஜூன் டிக்கெட்டயும் கேன்சல் பண்ணிட்டேன். அக்கா திங்கக்கிழமை போயிருச்சு.”

மனம் தானாகத் தேதிகளை எண்ணியது. இருபதாம் தேதி கப்பல், இருபத்து மூன்றாம் தேதி சென்னை, இருபத்து நான்கு சாயங்காலம் கோத்தகிரி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவோடு இருந்திருப்பார். திங்கள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டீ போடட்டுமா என்று கேட்டார்.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் எங்கள் வீட்டைத் திறக்கும் முறை. தலையணை வாசம் ஞாபகம் வந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

“திங்கக்கிழமை தகவல் எப்பக்கா வந்துச்சு?”

“காலையில ஆறரைக்கு. மருமகன்தான் போன் பண்ணாரு.”

“அதுக்கப்புறமா வந்து எங்க வீட்டத் திறந்தீங்க?”

“எட்டு நாள் மழைக்கு அன்னைக்குத்தான் வெயில் அடிச்சுது டீச்சர். விட்டா மெத்தையெல்லாம் போயிரும். பதினோரு வீட்டையும் திறந்து, எல்லாத்தையும் இழுத்துப் போட்டுட்டு அப்புறம்தான் உக்காந்தேன். கடைசியா திறந்தது உங்க வீடு. அங்கனயே உக்காந்து அழுதுட்டேன். இங்க கீழ அழுதா யாராச்சும் வந்து கேப்பாங்க, அங்க யாரும் இல்ல. உங்க ஹால்ல, ஜன்னல் பக்கத்துல. ரொம்ப நேரம் இருந்துட்டேன் டீச்சர். கோவிச்சுக்காதீங்க.”